நாலடிக் கடலுக்கு ஃபில்டர் வாங்கிய கதை

இந்த அத்தியாயத்தை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷமாக யோசித்திருக்கிறேன். என் அனுபவத் தொடரைப் பத்திரிகையில் ஆரம்பித்த பிறகும் இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். சாமி காரியத்தை நான் குறை சொல்வதாக யாராவது நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம். ஒரு நல்ல மனிதரை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியதை ஒப்புக்கொள்ள வேண்டுமே என்று ஒரு வெட்கம். எல்லாவற்றுக்கும் மேல், இது என் மனைவி புஷ்பத்தின் கதை. அவள் சம்மதம் இல்லாமல் எழுத எனக்கு என்ன உரிமை?

போன வாரம் அவளே, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "எழுதுங்க. நடந்தத நடந்தபடி எழுதுங்க. கூட்டிக் கொறச்சு எழுதுனீங்கன்னா நான் பேச மாட்டேன்."

முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை

கிள்ளானில் எங்கள் வீட்டு ஹால். எண்பதுகளின் பின்பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தலைக்குக் குளித்துவிட்டு விளக்கேற்ற வந்த புஷ்பம், சாமி மேடைக்குப் போகும் வழியிலேயே கண்ணாடித் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டாள்.

உள்ளே, வெள்ளைப் பவளத் துண்டுகளின் மேல், விரல் நீள நீல மீன் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மற்றவை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பம்பு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

புஷ்பம் தீப்பெட்டியைக் கீழே வைத்தாள்.

"இது நாலாவதுங்க. நாலும் சனிக்கிழமை."

நான் வலையை எடுக்கப் போனேன்.

தொட்டி வந்த வழி

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியதைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எங்கள் கிடங்கின் வெள்ளைக்கார மேனேஜர் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று யாருக்காவது வேண்டுமா என்று கேட்டார். என் கை தானாக மேலே போனது.

ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. கடலுக்குப் பக்கத்திலேயே வேலை. ஆனால் நான் பார்த்ததெல்லாம் கப்பலின் வயிறும், இரும்பும், எண்ணெய் மிதக்கும் தண்ணீரும்தான். கடலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்னொன்றும் உண்டு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஹாலில் ஓடும் கடிகாரம் சமையலறை வரை கேட்கும்.

லோரியில் தொட்டி வந்து இறங்கியதும் புஷ்பம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மீன் திங்காத வீட்டுக்கு மீன் தொட்டியா?"

"திங்கக் கூடாதுன்னுதான் விரதம். பாக்கக் கூடாதுன்னு எந்தச் சாமி சொல்லுச்சு?"

"பாத்துக்கிட்டே இருந்தா போதுமா? அதுக்குச் சோறு, தண்ணி, சீக்கு எல்லாம் யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்."

"நீங்க பாத்தீங்க!" என்று சொல்லி உள்ளே போனாள். ஆனால் சாயங்காலம் போய்ப் பார்த்தால், தொட்டியைப் பழைய வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்து வைத்திருந்தாள்.

ஆ சோங் சொன்ன பாடம்

கிள்ளானில் அப்போது கடல் மீன் வைத்திருந்த கடை எனக்குத் தெரிந்து ஒன்றுதான். கடைக்காரர் பெயர் ஆ சோங். சீனர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு கோலிக்குண்டு விளையாடி வளர்ந்த மனிதர்.

"அண்ணே, மீன அப்புறம் பாருங்க. மொதல்ல ஃபில்டர் பாருங்க" என்றார். "நல்ல தண்ணி மீனுன்னா ஒரு ஸ்பாஞ்சு போதும் லா. இது கடல் மீனு. அழுக்கு கொஞ்சம் நின்னாலும் தாங்காது."

அவர் காட்டிய ஃபில்டர் எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதைத் தொட்டியின் அடியில் விரித்து, மேலே பவளத் துண்டுகளைக் கொட்ட வேண்டும். இரண்டு மூலையிலும் நிமிர்ந்து நிற்கும் குழாய்கள். அந்தக் குழாய்க்குள் பம்பு காற்றை விட்டால், குமிழி மேலே ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும். மேல் தண்ணீர் பவளத்துக்குள் இறங்கிச் சுத்தமாகும்.

"இவ்வளவுதானா? அழுக்கு எங்க போகுது?"

"கல்லுக்குள்ள நல்ல பூச்சி வளரும் அண்ணே. கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அழுக்கத் திங்கும். ஒரு மாசம் மீன் இல்லாம சும்மா ஓட விடுங்க. அப்புறம் ஒண்ணு சொல்றேன், பம்பு தண்ணிக்கு மேல உசரத்துல இருக்கணும். கீழ வச்சீங்க, கரண்டு போச்சுன்னா தண்ணி டியூப்புல திரும்பி வந்து பம்பு செத்துரும்."

இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உயரமான இடம் தேடினேன். ஹாலில் உயரத்தில் இருந்த பலகை ஒன்றே ஒன்றுதான், சாமி மேடை. சாமி படத்துக்குப் போடும் சிவப்பு பல்புக்காகப் பக்கத்திலேயே பிளக்கும் இருந்தது. முருகன் படத்துக்கு வலது பக்கம், தூபக்கால் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், பம்பை வைத்தேன்.

"சாமி காலடியில இருக்கட்டும். அவரே பாத்துக்குவாரு" என்றேன்.

புஷ்பமும் அதற்கு ஒரு பொட்டுச் சந்தனம் வைத்தாள்.

தண்ணீருக்காக ஒரு நண்பரின் வேனை இரவல் வாங்கி, பிளாஸ்டிக் டின்களோடு போர்ட் டிக்சன் போனோம். முழங்கால் அளவு இறங்கி நான் டின்னை அமுக்கினேன். புஷ்பம் ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டாள். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த மலாய்க் குடும்பம் எங்களையே பார்த்தது. இவ்வளவு கடல் தண்ணீரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். "வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்று புஷ்பம் மலாயில் சொன்னாள். அந்த அம்மா தலையாட்டிவிட்டுத் தம் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார். வழி முழுக்க நாங்கள் சிரித்துக்கொண்டே வந்தோம்.

ஒரு மாதம் கழித்து ஆறு மீன் வாங்கினேன். கடையில் அதன் பெயர் 'புளூ டெவில்'. புஷ்பத்திடம் அர்த்தம் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டாள்.

"சாமி முன்னாடி பேய் பிசாசுப் பேரா? ஆறுக்கும் நீலகண்டன்னு பேரு வையுங்க."

மணியம் வந்த ஞாயிறு

இந்தச் சமயத்தில்தான் புஷ்பத்தின் பெரியப்பா மகன் மணியம் பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை. மனைவி காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகள். மூத்த இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். கடைசி, இரண்டரை வயசுப் பெண் கௌரி. மணியம் வேலைக்குப் போகும் நேரத்தில் அந்தக் குழந்தை இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு ஒரு வீடு என்று இருந்தது.

தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே மணியம் கேட்டார்.

"தங்கச்சி, கௌரிய நீங்க வளத்துக்கிறீங்களா? சும்மா இல்ல, முறையா எழுதிக் குடுத்துர்றேன். என் கண்ணுக்கு எட்டுற தூரத்துல ஒரு வீட்டுல இருந்தா போதும்."

எனக்கு அந்த நிமிஷமே சம்மதம். வாயைத் திறந்தேன். புஷ்பம் முந்திக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேண்ணே."

அவர் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "பெத்தவ கை வேற. என் கைல ஒரு உசுரு தங்குமான்னு எனக்கே தெரியல."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை வழக்கம்போல வீடு கழுவி, விளக்கேற்றி, சாம்பிராணி போட்டோம். சனிக்கிழமை காலை முதல் நீலகண்டன் செத்துக் கிடந்தது. அடுத்த இரண்டு சனிக்கிழமைகளிலும் ஒவ்வொன்று.

தீட்டும் சாம்பிராணியும்

எங்கள் வீட்டில் ஊதுபத்தி கிடையாது. புஷ்பத்துக்குத் தும்மல் வரும். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் சாம்பிராணி. அதில் குறை வைக்க மாட்டாள். மஸ்ஜித் இந்தியாத் தெருவில் ஒரு கடையிலிருந்து கட்டியாக நான் வாங்கி வருவேன். தேங்காய்ச் சிரட்டைத் தணலில் அதைப் பொடித்துப் போட்டால், ஹாலில் எதிர்ச் சுவர் தெரியாது. அறை அறையாகக் காட்டிவிட்டு, தூபக்காலைச் சாமி மேடையில் வைத்துவிடுவாள். அது அணையும்வரை புகையும்.

உயிர் போனால் தீட்டாயிற்றே, சாமி மேடைக்கு எதிரிலேயே போகிறதே என்று அவளுக்கு மனக்கலக்கம். கோவிலில் குருக்களிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

"மீனுக்கெல்லாம் தீட்டு ஏதும்மா? மனசு கேக்கலன்னா கொஞ்சம் சாம்பிராணி காட்டு."

அப்புறம் அவள் 'கொஞ்சம்' போடுவாளா? வெள்ளி போடுவது இரண்டு மடங்காயிற்று. மீன் செத்த சனிக்கிழமை, வீட்டைச் சுத்தம் செய்ய இன்னொரு தடவை.

வாசகர்களில் சிலர் இங்கேயே காரணத்தைப் பிடித்திருப்பீர்கள். நாங்கள் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. தன் மூச்சை யார் சந்தேகப்படுவார்கள்? நான் சந்தேகப்பட்டது ஃபில்டரைத்தான்.

காற்றா, காற்றில்லாததா

நாலாவது மீனும் போன அந்தச் சனிக்கிழமை, ஃபில்டரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். அது மீனுக்காக மட்டும் இல்லை. புஷ்பம் மணியத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. மீன் சாகச் சாக அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தொட்டி தெளிந்தால் அவளும் தெளிவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வெளிநாட்டு ஃபில்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு ரயிலேறிப் போனேன். அதன் வடிவம் சோறு ஆக்கும் கரண்டு சட்டி மாதிரி. உள்ளே அடுக்கடுக்காகப் பஞ்சும் வளையங்களும். கடைப் பையன் முதலில் இங்கிலீஷிலேயே விளக்கினான். நான் தலையாட்டினேன். 'சத்தம் இல்லை' என்பது மட்டும் புரிந்தது.

"இதுல காத்து எங்க வருது, தம்பி?"

"காத்தே வேணாம் அங்கிள். தண்ணியத்தான் இழுக்கும்."

காற்று இல்லாமல் மீன் எப்படி மூச்சு விடும்? ஏமாற்றுகிறான் என்று எனக்குள்ளேயே தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். வாழை இலையில் சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். இரண்டு ரசம் வாங்கிக் குடித்தது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் சட்டியை வாங்கியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

ஆ சோங் வேறு ஒன்று சொன்னார். நீளமான பிளாஸ்டிக் குழாய், அடியில் ஒரு சின்ன மரக்கட்டை. அந்தக் கட்டை வழியாகக் காற்றை வேகமாக விட்டால், பால் மாதிரி பொடிக் குமிழி கிளம்பும். தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே ஒரு கிண்ணத்தில் வழியும். 'ஸ்கிம்மர்' என்பார்கள்.

புஷ்பத்துக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது.

"பருப்பு கொதிக்கையில மேல வர்ற நுரைய நான் கரண்டியால எடுத்து எறியுறேனே, அதுதானே?"

"அதேதான்!"

"அப்ப அத வாங்குங்க."

அதற்குப் பெரிய பம்பு வேண்டும். பழையதைப்போல மூன்று மடங்கு காற்று இழுப்பதாக ஒன்று வாங்கி, அதே இடத்தில், முருகன் காலடியில் வைத்தேன். புதிதாக இரண்டு கோமாளி மீனும் வாங்கினேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. ஒன்றை விட்டு ஒன்று நகராது. புஷ்பம் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. "பேரு வச்சா மனசு ஒட்டிக்கும்" என்றாள். ஆனால் சமையலுக்கு நடுவில் மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தாள்.

செவ்வாய் நன்றாகத் தின்றன. புதனும் வியாழனும் அப்படியே. வெள்ளி வந்தது. சனிக்கிழமை காலை, கோமாளி ஒன்றும் நீலம் ஒன்றும் போய்விட்டன. ஒரே நாளில் இரண்டு.

நான் பேசிய பேச்சு

அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். நான் செத்த மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன்.

"என்னா பாஸ், சீக்கு மீனக் குடுத்து ஏமாத்துறியா?"

"அண்ணே, மெதுவா. ஆளுங்க பாக்குறாங்க லா."

"பாக்கட்டும்! ஃபில்டருங்கிற, பெரிய பம்புங்கிற, வாங்க வாங்கச் சாவுதான் கூடுது. உனக்குச் சாமி பயம்னு ஒண்ணு இருக்கா?"

ஆ சோங் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"எங்கப்பா உங்க ஆளுங்களுக்குத்தான் கடை வச்சிருந்தாரு அண்ணே. ஒரு நாளும் புழுத்த அரிசி குடுத்ததில்ல. நான் வீட்டுக்கு வந்து பாக்கவா?"

"ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் வந்திருந்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பார். கோபத்துக்குக் காதும் கிடையாது, யாரையும் உள்ளே விடக் கதவும் கிடையாது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

மிச்சம் இருந்தது ஒரு நீலமும் ஒரு கோமாளியும். புஷ்பம் அன்றைக்குச் சோறே சாப்பிடவில்லை.

விளக்கேற்றாத வெள்ளி

அடுத்த வெள்ளிக்கிழமை, புஷ்பம் சாமி மேடைப் பக்கம் போகக் கூடாத நாட்களில் வந்தது. பெண்கள் புரிந்துகொள்வார்கள். எனக்கோ துறைமுகத்தில் மறுநாள் காலைவரை வேலை. வீட்டில் விளக்கும் இல்லை, சாம்பிராணியும் இல்லை.

சனிக்கிழமை நான் வீட்டுக்குள் வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்த்தேன். கோமாளி வாலை ஆட்டிக்கொண்டு கண்ணாடி ஓரத்துக்கு வந்தது. நீலம் பவளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. இரண்டும் தின்ன வாய் வைத்தன.

"புஷ்பம்! பாத்தியா? ஃபில்டர் பிடிச்சிருச்சு!"

அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்படவில்லை.

"ஃபில்டர் இல்லங்க. நான் கிட்டப் போகல. வெளக்குத் தொடல, தொட்டிப் பக்கம் வரல. அதான் பொழச்சுக்கிச்சு."

"என்ன பேசுற?"

"என் கைதாங்க. நான் தள்ளி இருந்தா உசுரு தங்குது. நாளைக்கு ஞாயித்துக்கிழம மணியண்ணன் வர்றேன்னு சொல்லியிருக்காரு. முடியாதுன்னு சொல்லிடுங்க. அந்தப் புள்ளையாச்சும் நல்லாருக்கட்டும்."

நான் என்னென்னவோ சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. அவள் சொன்னதை மறுக்க என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை. மீன்கள் வேறு அவள் பக்கம் சாட்சி சொல்லிக்கொண்டு குதித்து விளையாடின.

மறுநாள் மணியம் வந்தார். முடியாது என்று நான் சொல்லவில்லை. "அடுத்த ஞாயிறு வாங்க மச்சான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் தலைக்கவசத்தைக் கையில் உருட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பம்பின் வயிற்றுக்குள்

அந்த வாரம் வியாழக்கிழமை பம்பின் சத்தம் மாறியது. காற்று குறைந்து, ஸ்கிம்மரில் நுரை ஏறவில்லை. புதுப் பம்பு அதற்குள் ஏன் இளைக்க வேண்டும்? பிளக்கைப் பிடுங்கி, கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் காற்று நுழையும் சின்ன வாய். அதை மூடியிருந்த தக்கையை நெம்பினால், உள்ளே தூசி போகாமல் இருக்க ஒரு வட்டக் கம்பளித் துண்டு. வாங்கும்போது வெள்ளையாக இருந்தது. இப்போது புளியங்காய் ஓட்டு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது.

விரலால் தொட்டேன். என்னவோ தெரிந்த வாசனை. என் கையில்தான் இருக்கிறதோ என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து மறுபடி மோந்தேன். முருகா என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டேன்.

புஷ்பம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இத மோந்து பாரு."

"என்னாது?"

"பாரேன்."

மோந்தாள். "சாம்பிராணி. தூபக்கால்ல இருந்து எடுத்தீங்களா?"

"பம்பு வயித்துக்குள்ள இருந்து எடுத்தேன்."

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். சாமி மேடையைப் பார்த்தாள். தூபக்காலையும், அதற்குப் பக்கத்தில் பம்பு இருந்த வட்டத் தடத்தையும், அங்கிருந்து தொட்டிக்கு இறங்கும் டியூப்பையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீரை மடியிலிருந்து சரிந்தது.

"அப்ப நான் போட்ட புகை எல்லாம் நேரா தண்ணிக்குள்ள..."

"ஆமா."

"நான்தானா கொன்னேன்?"

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஒரு பழியிலிருந்து அவளை இறக்கி, அதைவிடப் பெரிய பழியில் ஏற்றிவிட்டேனோ?

"பம்ப அங்க வச்சது நான் புஷ்பம். பெரிய பம்பா மாத்துனதும் நான்."

"வச்சது நீங்க. போட்டது நான்." சிந்திய கீரையைப் பொறுக்கி மடியில் போட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, முகம் மெல்ல இளகியது. "இது தப்புங்க."

"தப்புதான்."

"தப்புன்னா திருத்திக்கலாம்ல? ராசி இல்லன்னாத்தான் ஒண்ணும் பண்ண முடியாது."

இன்றுவரை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்காத வார்த்தை அது.

அன்றைக்கே பம்பைச் சாமி மேடையிலிருந்து எடுத்தேன். எங்கள் படுக்கை அறை அலமாரியின் மேல் வைத்து, சுவரில் இருந்த காற்றுத் துவாரம் வழியாக நீள டியூப் போட்டுத் தொட்டிக்கு இழுத்து, மிச்ச ஓட்டையைத் துணியால் அடைத்தேன். தண்ணீரில் பாதியை மாற்றினேன்.

மறுநாள் வெள்ளி. சாம்பிராணி போடலாமா வேண்டாமா என்று நான் தயங்கினேன். அவள் தயங்கவில்லை. பழைய அளவுக்கே போட்டாள். அறை அறையாகக் காட்டினாள். படுக்கை அறைக்கு வந்ததும் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"இந்த ரூமுக்கு மட்டும் சாமி வாசல்லயே நின்னுக்குவாரு."

சனிக்கிழமை காலை நான் எழுந்து வருவதற்குள் அவள் தொட்டி முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோமாளியும் நீலகண்டனும் அவள் விரல் போன பக்கமெல்லாம் போயின.

மீனிடம் கேட்ட சம்மதம்

ஞாயிறு மணியம் வந்தார். புஷ்பம் சொன்னாள்: "இன்னும் ரெண்டு வெள்ளி பாத்துக்கிறேண்ணே. அப்புறம் சொல்றேன்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் மச்சான், என் புள்ளைய வளக்க மீனுகிட்டயா சம்மதம் கேக்குறீங்க?"

"உங்க தங்கச்சி கேக்குறா. நான் என்ன பண்ண?"

"சரி லா. அதுங்க சரின்னு சொன்னதும் எனக்கும் சொல்லி அனுப்புங்க" என்று சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார். ஒரு வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் ஆ சோங் கடைக்குப் போனேன். அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். கடையில் அன்றிருந்தவர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். பையிலிருந்து அந்தக் கம்பளித் துண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் மோந்தார். கண் அகலமாயிற்று. உள்ளே ஓடினார். கடையில் ஓடிக்கொண்டிருந்த பம்புகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து மோந்துகொண்டே வந்தார். அவர் கடையிலும் சாமிக்கு ஊதுபத்தி உண்டு.

"நம்ம பம்பு தப்பிச்சிச்சு அண்ணே" என்று மூச்சு வாங்க வந்து நின்றார். "இவ்வளவு நாளா கடை வச்சிருக்கேன், இது எனக்கே தெரியாது. இனிமே பம்பு விக்கிறப்ப உங்க பேரச் சொல்லித்தான் விப்பேன்."

"பேரு வேணாம் பாஸ். விஷயத்தச் சொல்லுங்க, போதும்."

கௌரி

இரண்டு வெள்ளி போயின. மூன்றாவது வெள்ளிக்கும் காத்திருக்காமல் புஷ்பமே என்னைக் கிளப்பிக்கொண்டு பந்திங் பஸ்ஸில் ஏறினாள். திரும்பி வரும்போது அவள் மடியில் கௌரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மீனைப் பார்த்துக் குழந்தை துள்ளும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவள் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அரிசி டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "பசிக்குது" என்றாள். புஷ்பம் என்னைப் பார்த்தாள். நான் புஷ்பத்தைப் பார்த்தேன். அவள் சோற்றைப் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். கடைசிப் பிடிவரை கௌரி தின்றாள்.

மதியத் தூக்கத்துக்கு அவளைப் படுக்கை அறையில் போட்டோம். பம்பின் ரீங்காரம் அவளுக்குத் தாலாட்டாகிவிட்டது. கரண்டு போய்ப் பம்பு நின்றால் உடனே எழுந்து அழுவாள். தொட்டிக்கு ஆபத்து என்று எங்களுக்கு அவளே சொல்லிவிடுவாள். அந்தக் கோமாளி மீன், அவள் தமிழ்ப் பள்ளியில் சேர்ந்த பிறகும் எங்களோடு இருந்தது.

படித்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இந்தக் கதை எங்களைவிட வேகமாக ஊரில் சுற்றியிருக்கிறது. கோவிலில் ஒருவர் என்னிடமே வந்து, ஒரு குடும்பத்தின் கண்ணேறு முழுவதையும் மீன்கள் தங்கள் மேல் வாங்கிக்கொண்டு செத்ததாகச் சொன்னார். இன்னொருவர், சாம்பிராணி விஷம், இனி வீட்டில் போடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். சீனன் கடையில் சீக்கு மீன் விற்றான் என்று முடித்தவர்களும் உண்டு.

மூன்றும் இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் வெள்ளி தவறாமல் சாம்பிராணி உண்டு. ஆ சோங் கொடுத்தது நல்ல மீன், நல்ல ஃபில்டர். அதை வைக்கத் தெரியாதவன் நான்.

நாலு பேருக்குச் சொல்லுங்கள். அதற்காகத்தான் எழுதினேன். ஆனால் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அற்புதமாக்காமல் சொல்லுங்கள். நான் ஆ சோங்கைத் திட்டியதை மரியாதைக்காக விட்டுவிட வேண்டாம். முக்கியமாக, உங்கள் முன்னால் யாராவது ஒரு பெண்ணை ராசியில்லாதவள் என்று சொன்னால், அல்லது அவளே தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால், அந்த இடத்தில் சொல்லுங்கள். முதலில் பம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.